பழைய டிரைவர், புதிய கெர்னல்: கானாடுகாத்தான் சர்வருக்கு ஒரு விரிவான பதில்

தம்பி கேட்டிருப்பது இதுதான். கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டின் உள்ளறையில் அவர்கள் அலுவலகம் நடக்கிறது. பர்மாக் காலத்துப் பேரேடுகளையும் பத்திரங்களையும் ஸ்கேன் செய்து சேமிப்பது வேலை. அதற்கென்று 2017இல் வாங்கிய சர்வர் ஒன்று இருக்கிறது. இத்தனை நாள் உபுண்டு 16.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில், அதன் உட்கருவான கெர்னல் 4.4இல் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது வட்டை மாற்றி 24.04 நிறுவியிருக்கிறார்கள், கெர்னல் 6.8. மற்றதெல்லாம் சரியாக வந்துவிட்டது. சர்வர் போர்டின் வெப்பநிலை, விசிறி வேகம், வாட்ச்டாக் (இயந்திரம் உறைந்தால் மறுபடி தொடக்கும் காவல் அமைப்பு) ஆகியவற்றைக் கவனிக்கத் தயாரிப்பாளர் அன்று மூல நிரலாகக் கொடுத்த டிரைவர், அதாவது கெர்னலுக்கும் போர்டுக்கும் நடுவில் பேசும் நிரல், மட்டும் கம்பைல் ஆகவில்லை; இயங்கும் வடிவுக்கு மாறவில்லை. திரை நிறையப் பிழைகள். விசிறிகள் எல்லாம் முழு வேகத்தில் சுற்றுகின்றன, பக்கத்து அறையில் பேச முடியவில்லை. தயாரிப்பாளரோ அந்த மாடலை எப்போதோ கைகழுவிவிட்டார். "அண்ணே, இதை நானே சரி செய்ய முடியுமா, இல்லை பழைய உபுண்டுவுக்கே திரும்பிவிடட்டுமா?"

முடியும். திரும்ப வேண்டாம், 16.04க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2021 ஏப்ரலிலேயே நின்றுவிட்டன. ஆனால் பிழைகளில் கை வைக்கும் முன் இரண்டு வார்த்தை.

விசிறி முழு வேகத்தில் ஓடுவது கோளாறு அல்ல. போர்டில் இருக்கும் மேலாண்மைச் சிப், தன்னிடம் பேச வேண்டிய டிரைவர் வரவில்லை என்று கண்டால், பாதுகாப்புக்காக விசிறிகளை உச்சத்தில் வைத்துவிடும். உங்களுக்குக் காது வலிக்கிறதே தவிர சர்வருக்கு ஆபத்தில்லை. ஆகவே அவசரப்பட வேண்டாம். அந்தச் சத்தம் இருக்கும்போதே பேரேட்டுப் படங்கள் அத்தனையையும் வெளி வட்டில் ஒரு நகல் எடுத்து, அந்த வட்டை வேறு வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். டிரைவர் கெர்னலுக்குள் ஏறும் துண்டான மாட்யூலில் நாம் செய்யும் தவறு ஒரு நிரலோடு நிற்காது, மொத்த இயந்திரத்தையும் சாய்க்கும். கீழே கட்டளைகளையும் செயற்கூறுகளின் (ஃபங்ஷன்) பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள், நடுவில் வரும் அடிக்கோடுகளையும் மறக்காதீர்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்று முதலில் புரிந்துகொண்டால் பாதி வேலை குறையும். நீங்கள் உட்கார்ந்திருக்கும் வீட்டையே பாருங்கள். தெருவைப் பார்த்த முகப்பும் நிலைக்கதவும் நூறு ஆண்டுகளாக அப்படியே இருக்கின்றன. வருகிறவர் எவரும் வழி தடுமாறுவதில்லை. உள்ளே இரண்டாம் கட்டிலோ எத்தனை மாற்றம்! அடுப்படி இடம் மாறியிருக்கிறது, சாமான் அறை குளியலறை ஆகியிருக்கிறது, மின்சாரம் வந்தபோது சுவரெல்லாம் கொத்தியிருக்கிறார்கள். லினக்ஸ் கெர்னலும் இப்படித்தான். சாதாரண நிரல்கள் வந்து கதவைத் தட்டும் முகப்பை, அதாவது சிஸ்டம் கால்களை, உடைக்கக் கூடாது என்பதில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மிகக் கண்டிப்பானவர். அதனால்தான் பத்தாண்டுக்கு முந்தைய நிரல்கூட இன்றைய கெர்னலில் ஓடும். ஆனால் உட்கட்டுக்கு அப்படி எந்த வாக்குறுதியும் இல்லை. ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு புதிய பதிப்பு வருகிறது, ஒவ்வொன்றிலும் உள்ளே ஏதாவது இடித்துக் கட்டப்படுகிறது. இது கவனக்குறைவால் நடப்பதும் அல்ல; உள் இடைமுகத்தை ஏன் நிலையாக வைக்க மாட்டோம் என்று கெர்னல் பராமரிப்பாளர் கிரெக் க்ரோவா ஹார்ட்மன் எழுதிய விளக்கமே கெர்னலின் ஆவணங்களோடு சேர்ந்து வருகிறது. டிரைவர் முகப்பில் வந்து நிற்கும் விருந்தாளி அல்ல, உட்கட்டில் நடமாடும் ஆள். 4.4இல் வெளியூர் போனவர் 6.8இல் திரும்பி வந்து, பழைய நினைப்பில் இருட்டில் அடுப்படியைத் தேடுகிறார். அதுதான் உங்கள் திரையில் தெரிவது.

அடுத்த கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை: இந்த டிரைவர் உங்களுக்கு வேண்டுமா? 2017இல் தயாரிப்பாளர் தனி டிரைவர் கொடுத்தார் என்பதற்காக இன்றும் அதுவே வேண்டும் என்று இல்லை. சர்வர் போர்டுகளில் பெரும்பாலானவற்றில் பிஎம்சி என்ற தனிக் கட்டுப்பாட்டுச் சிப் இருக்கும். அதனோடு பேசுவதற்கு ஐபிஎம்ஐ என்ற பொது முறை 1998 முதலே இருக்கிறது. இன்டெல், ஹெச்பி, என்இசி, டெல் ஆகிய நான்கு நிறுவனங்கள் சேர்ந்து வகுத்தது. அதற்கான மாட்யூல்கள் கெர்னலுக்குள்ளேயே உண்டு. போர்டின் விவரங்களைக் காட்டும் டிஎம்ஐ டீகோட் கட்டளையில் வகை எண் 38ஐக் கேட்டுப் பாருங்கள். ஐபிஎம்ஐ சாதனம் என்று பதில் வந்தால், ஐபிஎம்ஐ எஸ்ஐ, ஐபிஎம்ஐ டெவ்இன்ட்எஃப் என்ற இரண்டு மாட்யூல்களை ஏற்றி, ஐபிஎம்ஐ டூல் நிறுவி, சென்சர் பட்டியலைக் கேளுங்கள். வெப்பநிலையும் விசிறிச் சுற்றும் வரிசையாக வந்து விழுந்தால் இந்தப் பதிலின் மிச்சத்தை நீங்கள் படிக்கவே வேண்டாம். அங்கே இல்லை என்றால் எல்எம் சென்சர்ஸ் தொகுப்பின் சென்சர்ஸ் டிடெக்ட்டை ஓட்டுங்கள். அது கேட்கும் கேள்விகளுக்கு அதுவே முன்வைக்கும் விடையை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள், தைரியசாலியாக எல்லாவற்றுக்கும் ஆம் போடாதீர்கள். நுவோடன், ஐடிஇ நிறுவனங்களின் சிப்புகளில் பலவற்றுக்குக் கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறது. பல வட்டுகளை ஒன்றாக நடத்தும் ரெய்டு கட்டுப்பாட்டு அட்டைகளுக்கும் அப்படியே. மெகாரெய்டு எஸ்ஏஎஸ், எம்பிடி3 எஸ்ஏஎஸ், ஸ்மார்ட் பிக்யூஐ எல்லாம் கெர்னலோடு வருகிறவை, அவற்றுக்குத் தயாரிப்பாளரின் பழைய மூலத்தைத் தேடி அலைய வேண்டாம்.

என்னிடம் பழுது என்று வரும் பத்தில் ஆறேழு இங்கேயே முடிந்துவிடும். ஆனால் நீங்கள் அனுப்பிய பிழைகளைப் பார்த்தால் உங்கள் போர்டு அந்த ரகம் அல்ல. தயாரிப்பாளர் சொந்தமாக ஒரு சிறு சிப்பை வைத்து, ஐஓ போர்ட் என்ற வன்பொருள் முகவரி வழியாக அதோடு பேசியிருக்கிறார். ஆகவே மூலத்தைத் திறக்கத்தான் வேண்டும்.

திறந்ததும் முதலில் கோப்புகளின் பெயர்களைப் பாருங்கள். ஏற்கெனவே கம்பைல் செய்த ஆப்ஜெக்ட் கோப்பு ஏதாவது உள்ளே இருக்கிறதா? இருந்தால் நிறுத்திவிடுங்கள். பூட்டிய பெட்டிக்கு வெளியே எத்தனை சாயம் பூசினாலும் உள்ளே இருப்பது 2017தான். இல்லை, எல்லாமே சி மொழிக் கோப்புகள் என்றால் நல்ல காலம். பிறகு, ஒரு பிழையையும் திருத்தாமல், ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து படியுங்கள். உங்கள் டிரைவர் ஆயிரம் வரிக்குள் இருக்கும். நீங்கள் அனுப்பிய துண்டுகளிலிருந்து எனக்குத் தெரிவது நான்கு வேலைகள்: சிப்புக்கு இரண்டு விநாடிக்கு ஒருமுறை "உயிரோடு இருக்கிறேன்" என்று சொல்லும் டைமர்; கெர்னல் தன் நிலையைக் கோப்புகளாகக் காட்டும் புரொக் அடைவில் வெப்பநிலைக்கு ஒரு கோப்பு; விசிறி வேகத்தை மாற்ற ஒரு சாதனக் கோப்பும், அதற்குக் கட்டளை அனுப்பும் ஐஓகண்ட்ரோலும்; இவற்றைத் தொடங்கவும் முடிக்கவும் இரண்டு செயற்கூறுகள். இந்தப் படம் மனத்தில் இருந்தால்தான் எந்தப் பிழை எதைத் தொடுகிறது என்று தெரியும். படம் இல்லாமல் பிழை பிழையாகத் திருத்துகிறவர், கணக்கைப் படிக்காமல் கூட்டுத்தொகையை மட்டும் திருத்துகிறவர்.

கம்பைல் செய்ய, ஓடும் கெர்னலுக்கு உரிய ஹெடர் தொகுப்பு (செயற்கூறுகளின் வடிவத்தை அறிவிக்கும் கோப்புகள்) வேண்டும். கெர்னல் பதிப்பைச் சொல்லும் யூநேம் ஆர் கட்டளை காட்டும் பெயரும் ஹெடர் தொகுப்பின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். கம்பைல் விதிகள் அடங்கிய பழைய மேக்ஃபைலில் சப்டிர்ஸ் என்ற மாறி இருந்தால் அதை எம் என்று மாற்றுங்கள், எக்ஸ்ட்ரா சிஃப்ளாக்ஸை சிசிஃப்ளாக்ஸ் ஒய் என்று மாற்றுங்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. பிழைகள் ஐம்பது வந்தாலும் முதல் பிழையை மட்டும் பாருங்கள், மற்றவற்றில் பாதி அதன் பிள்ளைகள்.

இனி உங்கள் பிழைகள். பயனர் நிரல் தந்த நினைவக முகவரியைச் சோதிக்கும் ஆக்சஸ் ஓகே மூன்று அளபுரு (செயற்கூறுக்குக் கொடுக்கும் மதிப்பு) பெற்றது, இரண்டுதான் எடுக்கும் என்கிறது. 5.0இல் அதன் முதல் அளபுருவை எடுத்துவிட்டார்கள். படிக்கவா எழுதவா என்று சொல்லும் அளபுரு அது, பல காலமாகவே அதனால் பயன் இல்லை. இங்கே அதை மட்டும் நீக்கலாம். ஆனால் அடுத்த வரியில் அந்த முகவரியிலிருந்து நகல் எடுக்கும் காப்பி ஃப்ரம் யூசர் இருந்தால் அந்தச் சோதனையை அதுவே செய்துகொள்ளும், முழு வரியையும் எடுத்துவிடுங்கள். டூ கெட் டைம் ஆஃப் டே காணோம் என்கிறது: 32 பிட் எண்ணில் நேரம் 2038இல் நிரம்பி வழியும் பிரச்சினையை ஒட்டி நேரம் பார்க்கும் பழைய செயற்கூறுகளைக் களைந்தார்கள், அதில் போனது. கேடைம் கெட் ரியல் டிஎஸ்64 போடுங்கள். மைக்ரோ விநாடி போய் நானோ விநாடி வருகிறது என்பதை மறக்க வேண்டாம். கழித்துப் பார்க்கும் கணக்கு எங்காவது இருந்தால் ஆயிரம் மடங்கு தப்பும்.

சாதனக் கோப்புக்கு ஒரு வகுப்பு உருவாக்கும் கிளாஸ் கிரியேட்டுக்கு அளபுரு அதிகம் என்பது 6.4இல் வந்த மாற்றம், 2023. முதலில் இருக்கும் திஸ் மாட்யூல் என்பதை எடுத்துவிட்டால் போதும். ஆனால் கையோடு அதற்கு அடுத்த வரியையும் பாருங்கள். பழைய டிரைவர்களில் பாதி, திரும்பி வரும் மதிப்பு நல் (வெற்று முகவரி) ஆக இருக்கிறதா என்று சோதிக்கும். கிளாஸ் கிரியேட் தோற்றால் நல் தராது, பிழை எண்ணைப் பாயிண்டரில் (நினைவக முகவரியைத் தாங்கும் மதிப்பு) பொதிந்து தரும். இஸ் எர் கொண்டுதான் சோதிக்க வேண்டும். இது கெர்னல் மாற்றம் அல்ல, எழுதியவரின் அன்றைய தவறு. வீட்டைப் பிரித்து ஓடு மாற்றும்போது கறையான் அரித்த கைமரம் தெரிந்தால் மூடிவிட்டுப் போவோமா?

புரொக் கிரியேட்டுக்குக் கொடுத்த நான்காவது அளபுரு பொருந்தாத பாயிண்டர் என்பது 5.6இல், 2020இல் வந்தது. முன்பு ஃபைல் ஆபரேஷன்ஸ் என்ற பொது ஸ்ட்ரக்டையே (பல உறுப்புகளைச் சேர்த்துக் கட்டிய தரவு) புரொக் கோப்புகளுக்கும் கொடுத்தோம். இப்போது புரொக் ஆப்ஸ் என்று தனியாக ஒன்று. உள்ளே இருக்கும் பெயர்களும் புரொக் ஓபன், புரொக் ரீடு, புரொக் எல்சீக், புரொக் ரிலீஸ் என்று மாறும், ஓனர் என்ற உறுப்பு கிடையாது. கம்பைலர் சத்தம் போடுகிறது என்று பாயிண்டரை வலுக்கட்டாயமாக வகை மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு ஸ்ட்ரக்டுகளிலும் உறுப்புகள் வேறு வேறு இடத்தில் இருக்கின்றன. யாரோ அந்தக் கோப்பைத் திறந்த கணத்தில் கெர்னல் தவறான முகவரிக்குத் தாவும்.

இந்த வகைமாற்றம்தான் இந்த வேலையில் பெரிய பள்ளம். நானே விழுந்திருக்கிறேன், ஆகவே டைமர் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

4.15க்கு முன்னால் டைமர் ஸ்ட்ரக்டில் டேட்டா என்று ஓர் உறுப்பு இருந்தது. செட்டப் டைமரைக் கூப்பிடும்போது நம் சாதன ஸ்ட்ரக்டின் முகவரியை அதில் போட்டுவைப்போம். நேரம் வந்ததும் கெர்னல் அதை நம் செயற்கூறுக்கு ஒரு முழு எண்ணாகத் திருப்பித் தரும். நாம் அதை மறுபடி பாயிண்டர் ஆக்கிக்கொள்வோம். அழைக்க வேண்டிய செயற்கூறும் அதற்குக் கொடுக்க வேண்டிய மதிப்பும் ஒரே இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் கிடப்பது ஊடுருவல்காரர்களுக்கு வாகான இடம். கெர்னல் பாதுகாப்பில் வேலை செய்யும் கீஸ் குக் முன்னின்று கெர்னல் முழுவதும் இதை மாற்றினார். 2018 ஜனவரியில் வந்த 4.15இல் பழைய வழி போய்விட்டது. இப்போது டைமர் செட்டப் என்பதுதான் உண்டு. நம் செயற்கூறுக்கு டைமரின் முகவரியே வருகிறது. அந்த டைமர் எந்த ஸ்ட்ரக்டுக்குள் உட்கார்ந்திருக்கிறதோ அதன் முகவரியை ஃப்ரம் டைமர் என்ற மேக்ரோ கொண்டு நாம் கணக்கிட்டு எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஆண்டு இந்தப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் உங்களுடையதைப் போலவே ஒரு போர்டு. கெர்னல் 4.15 ஆனது, டிரைவர் கம்பைல் ஆகவில்லை. மாலை ஆறு மணி, ஆலையில் ஷிஃப்ட் மாறும் நேரம், மேலாளர் பின்னால் நிற்கிறார். நான் செயற்கூறின் உள்ளே கையே வைக்கவில்லை. டைமர் செட்டப்புக்குப் பழைய செயற்கூறையே வகை மாற்றிக் கொடுத்தேன். கம்பைல் ஆனது, ஏறியது, விசிறி அடங்கியது, வெப்பநிலை வந்தது. கைகுலுக்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அது ஓடியது முழுக்க முழுக்க அதிர்ஷ்டத்தால். அந்த ஸ்ட்ரக்டில் டைமர்தான் முதல் உறுப்பு. முதல் உறுப்பின் முகவரியும் ஸ்ட்ரக்டின் முகவரியும் ஒன்றே. சாதனத்தின் முகவரி என்று என் செயற்கூறு நம்பியது உண்மையில் டைமரின் முகவரி. இரண்டும் ஒன்றாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. ஆறு மாதம் கழித்து, எத்தனை முறை சிப் பதில் தரவில்லை என்று எண்ண ஆசைப்பட்டு, ஸ்ட்ரக்டின் தலையில் ஒரு எண்ணியைச் சேர்த்தேன். ஒரு வரி. டைமர் எட்டு பைட் கீழே இறங்கியது. மாட்யூல் ஏறி இரண்டாவது விநாடியில் டைமர் அடித்தது, செயற்கூறு எட்டு பைட் தள்ளிப்போன குப்பையை டைமர் என்று நினைத்து மறுபடி ஓட்டப் பார்த்தது, கெர்னல் விழுந்தது. வாட்ச்டாக் இயந்திரத்தை மறுபடி தொடக்கியது. பூட் ஆகும்போதே மாட்யூல் தானாக ஏறும்படி நானே வைத்திருந்தேன். ஏறியது, விழுந்தது, எழுந்தது, விழுந்தது. இரவு முழுவதும் விடாமல் செய்தது.

வெளியே வந்த வழியையும் குறித்துக்கொள்ளுங்கள், ஒரு நாள் உதவும். இயந்திரம் எழும்போது எந்தக் கெர்னல் என்று கேட்கும் கிரப் பட்டியல் வரும்போது இ விசையைத் தட்டி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் மாட்புரோப் புள்ளி பிளாக்லிஸ்ட் என்று எழுதி, சமக்குறி போட்டு, மாட்யூலின் பெயரைச் சேர்த்து பூட் செய்யுங்கள். அந்த ஒரு முறைக்கு மாட்யூல் தானாக ஏறாது. ஆகவே திருத்தம் முடிந்து ஒரு வாரம் ஓடும்வரை உங்கள் மாட்யூலைத் தானாக ஏறும்படி வைக்காதீர்கள். நான் அன்று கற்றது இதுதான்: கம்பைலர் காட்டும் பிழை நம்மேல் அக்கறையுள்ள பிழை, அது வாசலிலேயே நிறுத்திச் சொல்லிவிடுகிறது. அதன் வாயை அடைத்தால் அதே பிழை கொல்லைப்புறம் வழியாக வரும்.

உங்கள் மூலத்தில் இதைச் சரியாகச் செய்ய மூன்று வரிதான். செயற்கூறின் அளபுருவை டைமர் லிஸ்ட் பாயிண்டர் ஆக்குங்கள், முதல் வரியில் ஃப்ரம் டைமர் கொண்டு ஸ்ட்ரக்டை எடுங்கள், தொடக்கத்தில் செட்டப் டைமருக்குப் பதில் டைமர் செட்டப். மாட்யூலை இறக்கும் செயற்கூறில் டெல் டைமர் என்று மட்டும் இருந்தால் அதை டைமர் டிலீட் சிங்க் ஆக்குங்கள். சிங்க் இல்லாவிட்டால் வேறொரு பிராசசரில் டைமர் ஓடிக்கொண்டிருக்கும்போதே நாம் நினைவகத்தை விடுவித்துவிடும் வாய்ப்பு உண்டு. டெல் டைமர் என்ற பழைய பெயரே 6.15இல் போய்விட்டது, புதிய பெயர் 6.2 முதல் இருப்பதால் உங்கள் 6.8இல் இப்போதே அதை எழுதலாம். ஃப்ரம் டைமரும் 6.16இல் டைமர் கன்டெய்னர் ஆஃப் என்று பெயர் மாறிவிட்டது, அது வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

பழைய கெர்னலிலும் புதியதிலும் ஒரே மூலம் ஓட வேண்டும் என்று பதிப்பு எண்ணைச் சோதிக்கும் நிபந்தனைகளை வரிக்கு வரி தூவுவார்கள். உங்களுக்கு ஒரே சர்வர். பழையதை வெட்டி எறியுங்கள், நிரல் படிக்கிறபடி இருக்கும். ரெட் ஹேட் வகையில் ஓட்டுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை மட்டும்: அங்கே ஒன்பதாம் பதிப்பின் கெர்னல் எண் 5.14 என்று சொன்னாலும் பிந்தைய மாற்றங்கள் பலவற்றைப் பின்னோக்கிக் கொண்டுவந்திருப்பார்கள். எண்ணை நம்பினால் ஏமாறுவீர்கள், ஹெடர் கோப்பைத் திறந்து செயற்கூறின் வடிவத்தை நேரே பாருங்கள்.

இவ்வளவும் செய்தால் மாட்யூல் கம்பைல் ஆகும். அதோடு நிற்கலாம். ஆனால் கை வைத்தது வைத்தீர்கள், புரொக் கோப்பையும் சொந்தச் சாதனக் கோப்பையும் மொத்தமாகத் தூக்கிவிட்டு, வெப்பநிலைக்கும் விசிறிக்கும் கெர்னலின் பொதுக் கண்காணிப்பு அமைப்பான ஹெச்டபிள்யூமான், உயிர்ச் செய்திக்குக் கெர்னலின் வாட்ச்டாக் அமைப்பு என்று மாற்றிவிடுங்கள் என்பது என் ஆலோசனை. மேலே நாம் திருத்திய பிழைகளில் மூன்று, புரொக், கிளாஸ், ஆக்சஸ் ஓகே, அந்தச் சொந்தக் கோப்புகளால் வந்தவை. அவை இல்லையென்றால் அந்தப் பிழைகளே இல்லை. ஹெச்டபிள்யூமானில் பதிவு செய்துவிட்டால் சென்சர்ஸ் கட்டளையே உங்கள் போர்டைப் படிக்கும். தயாரிப்பாளர் கொடுத்த அந்த 32 பிட் கண்காணிப்பு நிரலையும், அதற்காக நிறுவிய பழைய நூலகங்களையும் தலைமுழுகிவிடலாம். ஒன்று கவனம்: ஹெச்டபிள்யூமானில் வெப்பநிலை மில்லி டிகிரியில் கொடுக்க வேண்டும். 45 டிகிரி என்றால் 45000. நேரே 45 என்று கொடுத்தால் சர்வர் பனிக்கட்டியில் உறைந்து கிடப்பதாகச் சென்சர்ஸ் காட்டும். கானாடுகாத்தானின் மே மாதத்தில் அதைப் பார்த்து யாராவது நிம்மதி அடைந்துவிடப் போகிறார்கள்.

சோதனைக்கு வருவோம். ஸ்கேன் வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமை காலை நல்லது. போர்டிலேயே இருக்கும் தொடக்க நிரலான பயாஸில் விசிறிக்கு முழு வேகம் என்று வைக்கும் தெரிவு இருந்தால் முதலில் அதை வையுங்கள். மாட்யூலை மாட்புரோப் கொண்டு ஏற்றாமல், கம்பைல் செய்த அடைவிலிருந்தே இன்ஸ்மாட் கொண்டு ஏற்றுங்கள். இன்னொரு திரையில் கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் ஓடிக்கொண்டிருக்கட்டும். வெளி மாட்யூல் கெர்னலைக் களங்கப்படுத்துகிறது என்று ஒரு வரி வரும், அது சாதாரணம். வளம் மோதுகிறது, ஏசிபிஐ (பயாஸ் வன்பொருளை நிர்வகிக்கும் முறை) ஏற்கெனவே இந்த முகவரியை வைத்திருக்கிறது என்று வந்தால் நில்லுங்கள். அதை அடக்க ஏசிபிஐ என்ஃபோர்ஸ் ரிசோர்சஸ் லாக்ஸ் என்று கெர்னலுக்கு ஒரு வாதம் கொடுக்கச் சொல்வார்கள். கொடுத்தால் வேலை செய்யும்தான். ஆனால் பயாஸும் உங்கள் டிரைவரும் ஒரே சிப்பில் ஒரே நேரத்தில் கை வைக்கும். ஒருவர் வெப்பநிலை கேட்க இன்னொருவருக்கு விசிறி எண் பதிலாகப் போகும். விசிறியைக் கட்டுப்படுத்தும் இடத்தில் அந்த விளையாட்டு வேண்டாம்.

ஏறியதும் ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி இருபது முறை செய்யுங்கள், டைமரில் தவறு இருந்தால் இங்கே அகப்படும். பிறகு ஸ்ட்ரெஸ் போன்ற ஒரு நிரலால் பிராசசரை அரை மணி நேரம் சூடேற்றுங்கள். எண் ஏறுகிறதா, விசிறி அதற்கேற்ப வேகம் எடுக்கிறதா என்று திரையில் மட்டும் பார்க்க வேண்டாம். சர்வரின் பின்புறம் கையை வைத்துப் பாருங்கள். உங்கள் அறைச் சுவர் இரண்டடி கனம், வெளி வெயில் உள்ளே வராது, சரி. உள்ளே பிறந்த சூடு வெளியே போவதற்கும் அங்கே வழி குறைவு.

ஒரு வாரம் ஒழுங்காக ஓடினால் டிகேஎம்எஸ்ஸில் சேர்த்துவிடுங்கள். டெல் நிறுவனத்தில் 2003இல் பிறந்தது அது. கெர்னல் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் உங்கள் மாட்யூலைத் தானே மறுபடி கம்பைல் செய்துவைக்கும். ஆனால் தானாகக் கம்பைல் செய்யுமே தவிர தானாகத் திருத்தாது. ஆகவே 24.04இன் அடிப்படைக் கெர்னலான 6.8 வரிசையிலேயே இருங்கள். ஹெச்டபிள்யூஇ என்ற வரிசைக்குப் போனால் கெர்னல் 6.11, 6.14 என்று முன்னேறிக்கொண்டே இருக்கும், 6.11இல் பிளாட்ஃபார்ம் டிரைவரின் ரிமூவ் செயற்கூறு எதையும் திருப்பித் தரக் கூடாது என்றாகிவிட்டது, 6.12இல் அன்அலைண்டு ஹெடர் வேறு அடைவுக்குப் போய்விட்டது. உங்கள் பழைய சர்வருக்கு அந்தப் புதிய கெர்னல்களால் ஆவது எதுவும் இல்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் 6.8 வரிசைக்கும் வந்துகொண்டிருக்கும்.

இதற்கு நிரந்தர வழி டிரைவரைக் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துவிடுவது. எங்கள் பக்கத்தில் கோயில் காரியம் என்றால், குடும்பங்களைப் பதிந்து வைக்கும் புள்ளிக் கணக்கில் இருக்கிறவர் வீட்டுக்கு எந்தத் தேசத்தில் இருந்தாலும் தகவல் வந்துவிடும், கணக்கில் இல்லாதவர் தானாக வந்து விசாரித்துக்கொள்ள வேண்டியதுதான். கெர்னலுக்குள் இருக்கும் டிரைவர் புள்ளிக் கணக்கில் சேர்ந்தது. கிளாஸ் கிரியேட்டை மாற்றியபோது உள்ளே அதைப் பயன்படுத்திய அத்தனை டிரைவர்களையும் மாற்றியவர்களே திருத்திவிட்டார்கள். வெளியே நின்றவர்களுக்கு ஒரு பிழைச் செய்திதான் கிடைத்தது. ஹெச்டபிள்யூமானுக்கும் வாட்ச்டாகுக்கும் நீங்கள் மாற்றி எழுதிவிட்டால் அந்தப் பக்கம் முக்கால் தூரம் போய்விட்டீர்கள். மூலத்தின் உரிமம் கெர்னலுக்குரிய திறந்த மூல உரிமமான ஜிபிஎல் தானா என்று முதல் சில வரிகளில் பார்த்துக்கொள்ளுங்கள். பராமரிப்பாளர்கள் நாலு முறை திருப்பி அனுப்புவார்கள், ஐந்தாவது முறை எடுத்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை, அவர்கள் கேட்கும் கேள்விகள் நல்ல கேள்விகள்.

கடைசியாக, மாட்யூலை ஏற்றும்போது "சாவி நிராகரிக்கப்பட்டது" என்ற பொருளில் ஒரு பிழை வரலாம். அது உங்கள் திருத்தத்தின் தவறு அல்ல, கையொப்பமிட்ட நிரலையே அனுமதிக்கும் செக்யூர் பூட். கையொப்பம் இல்லாத மாட்யூலைக் கெர்னல் ஏற்காது. உபுண்டுவில் டிகேஎம்எஸ் தானே ஒரு சாவி உருவாக்கிக் கையொப்பமிடும். ஆனால் அந்தச் சாவியைப் போர்டு ஒருமுறை ஏற்றுக்கொள்ள வேண்டும். மோக் யூடில் கொண்டு அதைப் பதியச் சொல்லி, ஒரு தற்காலிகக் கடவுச்சொல் கொடுத்து, மறுபடி பூட் செய்தால் நீலத் திரை ஒன்று வரும். அது பத்து விநாடிதான் காத்திருக்கும். அதற்குள் ஒரு விசையைத் தட்டி, பதிவு செய் என்பதைத் தேர்ந்து, அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். இது தொலைவிலிருந்து இணையும் எஸ்எஸ்ஹெச் வழியாக வராது. திரையும் விசைப்பலகையும் சர்வரில் செருகி, ஆள் நேரில் நிற்க வேண்டும். நான் இதை மறந்து கோட்டையூரிலிருந்தே ஒரு சர்வரை மறுபடி பூட் செய்துவிட்டு, பிறகு இரவு ஒன்பது மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். வீட்டின் உரிமையாளர்கள் சென்னையில் இருப்பதாகச் சொன்னீர்கள். முகப்புக் கதவின் சாவி ஞாயிற்றுக்கிழமை யாரிடம் இருக்கும் என்று சனிக்கிழமையே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

திருத்திய பிறகும் கம்பைல் ஆகவில்லை என்றால் முதல் பிழையையும், அது சுட்டும் வரிக்கு முன்னும் பின்னும் பத்து வரிகளையும் அனுப்புங்கள்.